பொட்டு வைத்த கொக்கி

பசறையிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஜீப் ஓட்டுகிறேன். வண்டி சேற்றில் புதைந்தால் கயிறு மாட்டி இழுக்க உதவும் என்று, பதுளைக் கடையொன்றில் பளபளப்பான கொக்கி ஒன்றை வாங்கி முன் பம்பரில் பூட்டினேன். ஆயுத பூசையன்று அதற்குச் சந்தனம், குங்குமம்கூட வைத்தேன். எத்தனை டன் தாங்கும் என்று மட்டும் பார்க்கவில்லை.

அடுத்து வந்த மழையில், நாங்கள் குடியிருக்கும் லயத்து வீட்டு வரிசைக்குக் கீழே ஜீப் அச்சு வரை புதைந்தது. இழுக்கத் தோட்டத்து டிராக்டர் வந்தது. கொழுந்து நிறுக்கப் போன பெண்கள் டிராக்டர் பக்கத்தில் வேடிக்கை பார்க்க நின்றார்கள். என் மனைவி லெட்சுமியும் அவர்களில் ஒருத்தி.

கொக்கியைத் தடவிப் பார்த்த டிராக்டர்காரர், "இதுல டன் கணக்கு ஒண்ணும் அடிக்கலையே, தாங்குமாங்க?" என்றார்.

"பூசை போட்ட சாமான். தைரியமா இழுங்க!" என்றேன்.

கொக்கி உடைந்து கயிற்றோடு பறந்தது. லெட்சுமியின் காதோரமாகப் போய், முதுகில் தொங்கிய கொழுந்துப் பையைக் கிழித்தது.

"சாமிதான் காப்பாத்துச்சு" என்று எல்லோரும் கும்பிட்டார்கள். உடைந்த துண்டில் சந்தனம் அப்படியே ஒட்டியிருந்தது.

இப்போது டன் அளவு பொறித்த கொக்கியைத்தான் வைத்திருக்கிறேன். அதையும் பம்பரில் அல்ல, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் பூட்டியிருக்கிறேன். அறுந்தாலும் பறக்காதபடி கயிற்றின்மேல் நனைந்த சாக்கைப் போட்டு, ஆட்களைத் தூர விரட்டிய பிறகே இழுக்க விடுகிறேன்.

லயத்தில் இன்றும் சாமி புகழ்தான். லெட்சுமியைக் கொல்லப் பார்த்தவன் நான் என்று ஒருவராவது என் முகத்தில் காறித் துப்பியிருந்தால் தேவலை.