பேக்கரிக்காரர் ஆற்றில் இறங்கிய வெள்ளிக்கிழமை

ஆற்றங்கரைக் கூடாரத் திடலில், பெரிய மரத்தடியில் டென்ட் போட்டிருக்கும் மனிதர் அடியில் நகை புதைத்து வைத்திருக்கிறார் என்று ஊரில் பேச்சு. எனக்குச் சொன்னவர் முடிதிருத்துபவர். கழுத்தில் கத்தி இருக்கும்போது சொல்லப்படும் செய்தியை நான் மறுத்துப் பேசுவதில்லை.

"வாரா வாரம் வியாழக்கிழமை வந்துடறார் சார். வந்தா நாற்காலிய விட்டு எந்திரிக்கறதே இல்ல. அவனவன் ஆத்துல கும்மாளம் போடறான், இவர் கால்கூட நனைக்கல. ஆத்துக்கு வந்துட்டு குளிக்காம ஒருத்தர் உக்காந்திருக்கார்னா என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்க."

காய்கறிக் கடையில் விசாரித்தேன். அரைக் கிலோ என்றார்கள். சலவைக் கடைக்கு வருவதற்குள் அது ஒரு கிலோ ஆகி, கூட்டாளி ஒருவனும் முளைத்திருந்தான். வாய்க்கு வாய் எடை கூடும் ஒரே உலோகம் தங்கம்தான். பரணிலிருந்த டென்ட்டை இறக்கிக்கொண்டு நானே கிளம்பினேன்.

மரத்தடிக்கு அடுத்த இடம் அதிசயமாகக் காலியாக இருந்தது. ஏன் காலி என்பது காற்று திசை மாறியதும் புரிந்தது. கழிப்பறை அதன் பின்னால்தான்.

சந்தேகத்துக்குரிய நபருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது, தாராளமான தொப்பை, காது மடிப்பில் கொஞ்சம் மைதா. மடக்கு நாற்காலியின் உடைந்த கையை, ரொட்டிப் பையைக் கட்டும் கம்பியால் சுற்றி வைத்திருந்தார். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"அடியில ஏதோ இருக்குன்னு பேசிக்கறாங்களே?"

உட்கார்ந்தபடியே நாற்காலியைத் துளி தூக்கிக் காட்டினார். "எறும்பு."

"நகைன்னாங்க."

"நகை இருந்தா நான் ஏன் சார் ராத்திரி முழுக்க ரொட்டி சுடறேன்?"

பேக்கரியில் அவருக்கு இரவு வேலை. உலகம் விடுமுறை கொண்டாடும் நாட்களில்தான் அதிகமாக ரொட்டி தின்னும் என்பதால், அவருக்கு வார ஓய்வு வியாழனும் வெள்ளியும். இந்த ஒரு தகுதியை வைத்துக் குடும்பம் அவருக்கு ஒரு பதவி கொடுத்திருந்தது. வியாழனன்று வந்து ஆற்றைப் பார்த்த இடத்தைப் பிடிக்க வேண்டும். சனிக்கிழமை காலை மனைவி, மனைவியின் அக்கா, சகலை, சகலையின் பிள்ளைகள் எல்லோரும் வந்து இறங்குவார்கள். இவர் சாவி கொடுப்பதுபோல் நாற்காலியைக் கொடுத்துவிட்டு, வேலைக்குப் பஸ் ஏறிவிடுவார்.

திடலில் முன்பதிவு கிடையாது. முதலில் வந்தவர் பெயரெழுதிய அட்டையைக் கம்பத்தில் கட்டுவார்கள். சூப்பர்வைசர் சைக்கிளில் எப்போது வேண்டுமானாலும் சுற்றி வருவார். ஆளில்லாத டென்ட்டைக் கண்டால் அட்டையை அவிழ்த்து, காத்திருப்பவருக்குக் கொடுத்துவிடுவார். விடிவதற்கு முன்னும் இருட்டிய பின்னும் ஆற்றில் இறங்கக் கூடாது என்று பலகை வேறு. ஆக, நாலு கோடைகளாக இந்த மனிதர் ஆற்றுக்கு ஐம்பதடி தூரத்தில் உட்கார்ந்து அதைக் காவல் காத்திருக்கிறார்.

அதற்குள் சகலையின் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"சகலை, இடம் பத்திரமா?"

"பத்திரம்."

"மரத்தடிதானே?"

"மரத்தடிதான்."

"நிழல் எப்படி?"

"விழுது."

"ஆறு எப்படி?"

"ஓடுது."

போனை வைத்துவிட்டு ஆற்றையே பார்த்தார். "சின்ன வயசுல நல்லா நீந்துவேன் சார். மறந்துபோச்சா இல்லையான்னு ஒரு தடவ பாத்துடணும். ஞாயித்துக்கிழமையோட திடலை மூடறாங்க. மழையெல்லாம் ஓஞ்சப்புறம்தான் தொறப்பாங்க. அதுக்குள்ள இந்த முட்டி என்ன சொல்லுமோ, யாரு கண்டா?"

"நீங்க போங்க, நான் உக்காந்துக்கறேன்" என்றேன்.

வியாழன் முழுக்க மறுத்தார். சூப்பர்வைசரிடம் அனுமதி கேட்கலாமே என்றதற்கு, "கேட்டா முடியாதுன்னுடுவார். கேக்காம செஞ்சா திட்டுவார். திட்டு தேவல" என்று தயங்கினார். வெள்ளி மதியம் வெயில் மண்டையைப் பிளந்தபோது, தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் கவிழ்த்தார். ஆற்றை நோக்கி நடந்தார். திரும்பி வந்தார்.

"போன் அடிச்சா எடுக்காதீங்க."

மறுபடி போனார், வந்தார். "எடுக்கலன்னா சந்தேகம் வரும். எடுத்து இருமுங்க."

மூன்றாவது முறையும் வந்தார். "என்ன ஆனாலும் எந்திரிச்சிடாதீங்க." அப்புறம் வரவில்லை. தொம்மென்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. எடுத்து இருமினேன்.

"சகலை, இருமலா? தண்ணில கிண்ணில எறங்கிட்டீங்களா?"

மறுத்து இருமினேன்.

"பாத்து! பசங்களுக்குப் பள்ளிக்கூடம் அரை நாளோட விட்டாச்சு. பாதி வழி வந்துட்டோம்."

என் கூச்சல் ஆற்றிரைச்சலில் அவருக்கு எட்டாது. எழுந்து போய்ச் சொன்னால் இடம் போகும். என்ன செய்வதென்று விழித்துக்கொண்டிருக்கையில் சைக்கிள் மணி கேட்டது. தொப்பியை மூக்கு வரை இழுத்தேன்.

"என்ன பேக்கரி அண்ணே, உடம்பு சரியில்லையா?"

இருமினேன்.

"பக்கத்து டென்ட்டுக்காரர எங்க காணோம்?"

தெரியாது என்று இருமினேன்.

"ரெண்டு தடவ வந்துட்டேன், ஆளே இல்ல. வாசல்ல ஒரு குடும்பம் பச்சக் கொழந்தையோட காத்துக் கெடக்கு. இவருக்கு ஊர் சுத்த எடம் எதுக்குண்ணே?"

நியாயமான கேள்வி. என் அட்டை அவிழ்வதையும் என் டென்ட் சுருட்டப்படுவதையும் அடுத்தவர் நாற்காலியில் அடுத்தவராக உட்கார்ந்து பார்த்தேன். அந்தக் கையாலாகாத்தனம் பழகினால் பிடித்துப்போகும் என்று தோன்றியது.

சகலை குடும்பத்தோடு வந்து இறங்கினார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ரப்பர் மிதவை. "நீங்க யாரு?"

தொப்பியைக் கழற்றினேன். "ஆள்."

"எங்க ஆள் எங்க?"

கையைக் காட்டினேன். எல்லோரும் கரைக்கு ஓடினார்கள். நடு ஆற்றில் பேக்கரிக்காரர் மல்லாந்து மிதந்தார். தொப்பை தனித் தீவாக நகர்ந்துகொண்டிருந்தது.

"இவருக்கு நீச்சல் தெரியுமாடி?" என்றார் அக்கா.

"எங்கிட்ட சொன்னதே இல்லியேக்கா" என்றார் மனைவி.

"சகலை! மேல வாங்க! இடத்த யாரு பாக்கறது?"

தீவு அசையவில்லை. "இடம் இருக்குல்ல?"

"இருக்கு."

"நீங்க வந்தாச்சுல்ல?"

"வந்தாச்சு."

"அப்புறம் என்ன?" ஒரு புரளலில் முங்கி, எதிர்க்கரைப் பக்கம் தலையைத் தூக்கினார்.

சகலை மிதவையைப் பிடித்தபடி நின்றார். மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுக் கணுக்கால் வரை இறங்கி, "இந்தப் பக்கம் ஆழமாங்க?" என்று கத்தினார். "வா வா, நான் இருக்கேன்ல!" என்று பதில் வந்தது. இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் தங்கை புருஷன் இவ்வளவு சத்தமாகப் பேசிக் கேட்டதில்லை என்று அக்கா என்னிடம் புகார் செய்தார்.

பொழுது சாய்ந்து சூப்பர்வைசர் விசில் ஊதியபோதுதான் பேக்கரிக்காரர் கரையேறினார். முட்டி ஒன்றும் சொல்லவில்லையாம். சொட்டச் சொட்ட நின்று, குப்பைத் தொட்டி அருகே கிடந்த என் டென்ட்டைப் பார்த்தார்.

"உங்க எடம்?"

"போச்சு."

துண்டை உதறினார், மறுபடி உதறினார். "தொறந்ததும் ஆத்தப் பாத்த மாதிரி உங்களுக்கு ஒரு எடம் புடிச்சுக் குடுக்கறது என் கடன் சார்."

கடைசிப் பஸ்ஸில் வீடு திரும்பினேன். இப்போது மழைக்காலம் முடிந்து, திடலும் திறந்தாகிவிட்டது. நான் ரொட்டி வாங்கப் போகும்போதெல்லாம் அவர் உள்ளேயிருந்து மாவுத் தலையை நீட்டுகிறார்.

"மறக்கல சார். சகலையோட தம்பி குடும்பமும் வர்றாங்களாம், அதுக்கு ஒரு எடம். அக்காவோட சம்பந்தி வீட்டுக்கு ஒண்ணு. அத முடிச்சிட்டு உங்களுதுதான்."