உச்சிக்கு நாலடி கீழே

“…முதல்முதல் ஏறினவங்கள் உச்சிக்கு நாலடி இருக்கேக்கை நிண்டிட்டாங்களாம், அக்கா! அந்த மலையை நான் இந்தக் கண்ணாலை பாத்தனான்.”

சொன்னவர் என் சகலன், மனைவியின் தங்கை கணவர். அலுவலக நண்பர்களோடு கஞ்சன்ஜங்காவின் அடிவாரம்வரை நடந்துவிட்டு அப்போதுதான் லண்டன் திரும்பியிருந்தார். லூயிஷாமில் அவர் மகளின் பிறந்தநாள். கேக் வெட்டியாயிற்று. ஆனால் சனம் கேக்கைச் சுற்றி நிற்கவில்லை, அவரைச் சுற்றி நின்றது.

எனக்கு வயிறு எரிந்தது. அந்த மலை என்னுடையதல்லவா? என் முழங்கால் மாடிப்படிக்கே மறியல் செய்யும், உண்மைதான். ஆனால் சந்தையில் பழைய புத்தகங்களாகப் பொறுக்கி, ஏறப்போய்த் தோற்றவர்கள், பனிச்சரிவில் போய்ச் சேர்ந்தவர்கள், கடைசியில் ஏறியவர்கள் என்று எல்லாரையும் படித்தவன் நான். கையில் கடித்த ரோல்ஸோடு எத்தனை பிறந்தநாள்களில் சொல்லியிருப்பேன்! இந்த நாலடிக் கதையும் சகலன் என் வாயால் கேட்டதுதான். அவர்கள் நின்ற காரணத்தை நான் சொன்ன நேரம் மட்டும் அவர் போனை நோண்டிக்கொண்டிருந்தார்.

“இந்தாள் கதையாலையே மலையேறும்” என்று நக்கலடித்துவிட்டுச் சமையலறைக்குப் போகிற என் மனைவி, அன்று சகலனின் போனை எட்டியெட்டிப் பார்த்தாள். நானும் ஓரக்கண்ணால் பார்த்தேன். அந்த மலைக்கு ஐந்து கொடுமுடிகள் என்று படித்திருக்கிறேன். படத்தில் எது உச்சி என்றே பிடிபடவில்லை.

“அவ்வளவு தூரம் போய் ஏன் தம்பி நிண்டவங்கள்?” என்றாள். என்னிடம் ஒருநாளும் கேட்டிராத கேள்வி.

சகலன் தலையைச் சொறிந்தார். “ஒட்சிசன் முடிஞ்சிருக்கும் அக்கா.”

விடுவேனா? “ஒட்சிசனுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. சிக்கிம் சனத்துக்கு அந்த உச்சி சாமி. மிதிக்கமாட்டம் எண்டு அவையின்ரை அரசருக்கு வாக்குக் குடுத்திட்டுப் போனவங்கள். பிறகு போன கனபேரும் அப்பிடித்தான் நிண்டவை.”

தலைகள் என் பக்கம் திரும்பின.

“மெய்யே?” என்றாள் மனைவி, கண்ணை விரித்து. எனக்கு அது போதும். ஆனாலும் சகலனின் முகம் வாடுவதையும் பார்த்துவிட ஆசைப்பட்டேன். அந்த மனுசன் முகம் மலர்ந்தது.

“சோக்கான விசயம் அண்ணை! எந்த இடத்திலை நிண்டவங்கள்? ஒருக்காக் காட்டுங்கோ” என்றவர், கதிரையை இழுத்துப் போட்டு என்னருகில் இருந்து, போனிலிருந்த மலையை இரண்டு விரலால் பெரிதாக்கி, எல்லாரும் பார்க்க என் மூக்குக்கு நேரே நீட்டினார்.