மறுபடியும் முதல் பதிவு

மாடம்பாக்கத்தில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். எட்டாவது வரைதான் படித்தேன். கடைக்கு வழக்கமாக வரும் ஸ்டெல்லா அக்கா ஒருநாள் போனைக் கொடுத்தார். அடிக்கடி நின்றுவிடுகிறது என்றார். கேட்காமலே எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கிவிட்டேன். எப்போதும் செய்வதுதான்.

போன் நிற்காமல் ஓடியது. அக்காவின் முகம் மாறியது. பன்னிரண்டு வருடமாக வலைப்பூ எழுதுகிறவர் அவர். அந்தப் போனில் மட்டும்தான் அதற்குள் லாகின் செய்திருந்தார். பாஸ்வேர்டு மறந்துவிட்டது, பதிவு செய்த பழைய நம்பரும் இல்லை. பழைய பதிவுகளை இன்னும் யாரும் படிக்கலாம். அவரால் இனி ஒரு வரி சேர்க்க முடியாது.

போன் மேல் பழி போட்டிருக்கலாம். மனசு வரவில்லை.

“என் தப்புக்கா. கேட்டுட்டு அழிச்சிருக்கணும்.”

அக்கா போனை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“புதுசா ஒண்ணு ஆரம்பிக்க எவ்ளோ நேரம் ஆவும்?”

“பத்து நிமிஷம்க்கா.”

“ஆரம்பிச்சுக் குடுப்பா. இந்தத் தடவை பாஸ்வேர்டை நோட்டுல எழுதிக்கிறேன்.”

“என்னைத் திட்டி எழுதுவீங்களா?”

“பேர் போடாம திட்டுறேன், போதுமா?”

கடை ஸ்டூலில் உட்கார்ந்தே எழுதினார். அவர் போனபின் படித்தேன். ‘தப்பை ஒத்துக்கொண்ட ஒருவரின் கடையிலிருந்து எழுதுகிறேன்’ என்று தொடங்கியிருந்தது.

இப்போதெல்லாம் கேட்காமல் எதையும் அழிப்பதில்லை. பன்னிரண்டு வருடத்தை விட்டுவிட்டு அவர் பத்து நிமிடத்தில் புதிதாகத் தொடங்கிவிட்டார். என்னால் முடிந்திருக்காது.