தாய்மாமன் தட்டு

மைக் கைக்கு வந்தபோது எனக்கு நடுக்கமே இல்லை. இத்தனை வருஷம் வயிற்றுக்குள் வைத்திருந்ததைக் கொட்டப் போகிறோம் என்ற குஷிதான் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிக்கிறவர்கள் என்னை நல்லவள் என்று நினைத்து ஏமாற வேண்டாம்.

நானும் என் சிநேகிதியும் ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்ச். சிலோன் சண்டையில் தப்பி வந்த குடும்பம் அவளுடையது. மரக்காணத்துக்குத் தெற்கே அகதிகள் கேம்ப்பில் இருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு பீரோ நிறையக் கதைப் புத்தகங்கள் இருந்தன. வெள்ளிக்கிழமை ஆளுக்கு ஒன்று வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, பெற்றோர் கழகத் தலைவராக இருந்த உப்பள முதலாளி வந்தார். ஊரில் பாதிப் பேர் அவர் பாத்தியில் உப்பு வாருகிறவர்கள். என் அம்மாவும்தான். சிநேகிதி கையில் புத்தகத்தைப் பார்த்ததும் பிடுங்கிக்கொண்டார்.

"என்னா சார், கேம்ப் பொண்ணுக்கெல்லாம் புக்கு குடுக்கறீங்க? நாளைக்கே கப்பல் ஏறிப் போயிடுச்சுன்னா யாரு போயி வாங்கறது?"

வகுப்பே சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். அவள் அழவில்லை. கையை மட்டும் பாவாடையில் துடைத்துக்கொண்டாள், ஏதோ அழுக்கைத் தொட்டுவிட்ட மாதிரி. அதற்குப் பிறகு எந்த வெள்ளிக்கிழமையும் அவள் அந்த பீரோ பக்கம் போகவில்லை. நான் என் புத்தகத்தைக் கொடுத்தாலும் வாங்க மாட்டாள். அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன், இந்த ஆளை ஒரு நாள் நாலு பேர் முன்னால் கையைத் துடைக்க வைக்கணும் என்று.

சண்டை ஓய்ந்து சில வருஷம் கழித்து அவள் குடும்பம் நாடு திரும்பியது. இப்போது அவள் அங்கே வன்னியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நான் ஆரோவில்லில் ஒரு ஆபீஸில் வேலை பார்க்கிறேன். ஒரு நாள் வீடியோ காலில் நூலகத்தைக் காட்டினாள். புது அறை, புது ஷெல்ஃப். அதில் ஓரம் கருகிய கொஞ்சம் புத்தகங்கள், செலோடேப் ஒட்டி ஒட்டி வைத்திருந்தவை. "கட்டடம் கட்டித் தந்தாங்கள், பெயின்ட் அடிச்சுத் தந்தாங்கள். வாசிக்கத்தான் ஒண்டும் இல்லையடி" என்றாள். அவளுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண் மருந்து டப்பாவுக்குள் இருந்த தாளை விரித்து, எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண்ணுக்குக் கதைப் புத்தகம் போய்ச் சேர வேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதமாகிவிட்டது. சிநேகிதியின் சொந்தக்காரர் ஒருவர் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் போக இருந்தார். சில பெட்டிகள் மட்டும் கொண்டுபோகலாம் என்றார். எங்கள் பக்கம் பள்ளிக்கூடத்துக்குச் சாமான் கொடுப்பதைக் கல்விச் சீர் என்று கொண்டாடுவார்கள். கல்யாணச் சீர் மாதிரியே தட்டு, மேளம், ஊர்வலம் எல்லாம் உண்டு. அதையே இந்தப் புத்தகங்களுக்கும் செய்யலாம் என்று உப்பளத்துப் பெண்களிடம் கேட்டேன். ஆளுக்கு ஒரு தட்டு என்று ஒப்புக்கொண்டார்கள். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறிப் போய், படம் பார்த்து, பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டு வாங்கி வந்தார்கள்.

விஷயம் முதலாளி காதுக்குப் போனது. ஆள் அனுப்பினார்.

"மொதலாளி நாகப்பட்டினம் வரைக்கும் வேன் தர்றேன்னு சொல்லிட்டாரு. ஆனா தாய்மாமன் தட்டு அவருதுதானாம். அதான் மொதல்ல போவணுமாம். போட்டோகிராபரும் வர்றாரு."

தாய்மாமன்! யாருக்கு யார் தாய்மாமன் என்று என் காது சுட்டது. வாயை மூடிக்கொண்டு சரி என்றேன். மறுநாள் அவர் வீட்டிலிருந்து இரண்டு மூட்டை வந்து இறங்கியது. பிரித்துப் பார்த்தேன். பழைய பஞ்சாங்கம், மகனுடைய இன்ஜினியரிங் கைடு, வட்டிக் கணக்குப் புத்தகம், கோழிப்பண்ணை வைப்பது எப்படி, அட்டை போன டைரி. கரையான் வேறு. பெட்டியில் இருக்கிற இடமே கொஞ்சம். இந்தக் குப்பை ஏறினால் அந்தப் பெண்கள் வாங்கியது கீழே நிற்கும். எனக்கு ஆத்திரத்தில் பல் நறநறத்தது. அப்புறம் மெதுவாகச் சிரிப்பு வந்தது. இருப்பதில் படுமோசமானதைப் பொறுக்கி அவர் தட்டில் மேலே அடுக்கினேன். மஞ்சள் பட்டுத்துணியை இஸ்திரி போட்டு அழகாக மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம். முதலாளி வெள்ளை வேட்டியில் தட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து முன்னால் நடந்தார். எங்கள் பழைய பள்ளிக்கூட மைதானத்தில் தட்டுகளை வரிசையாக வைத்தோம். சீர் என்றால் மூடி வைத்துவிட்டுப் போக முடியாது. யார் தட்டில் என்ன என்று சபையில் பிரித்துச் சொல்லியாக வேண்டும். அவருக்கு அது ஞாபகம் வரவில்லை. அல்லது யார் கேட்கப் போகிறார்கள் என்று இருந்திருப்பார்.

நான் துணியை எடுத்தேன். "தாய்மாமன் சீர்! மதிப்பிற்குரிய முதலாளி அவர்கள் சிலோன் குழந்தைகளுக்கு அன்போடு வழங்குவது... வட்டிக் கணக்குப் புத்தகம் ஒன்று! கோழிப்பண்ணை வைப்பது எப்படி ஒன்று! ஆண்மை பெருகச் சித்த வைத்தியம்..."

அதற்கு மேல் என் குரல் யாருக்கும் கேட்டிருக்காது. "யம்மா, தாய்மாமன் நல்லாத்தான் படிச்சிருக்காரு!" என்று ஒருத்தி கத்தினாள். அவர் பாத்தியில் நாளெல்லாம் குனிந்து நிற்கிற பெண்கள் நிமிர்ந்து நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தட்டை அவசரமாக மூடப் போன முதலாளி, கரையான் மண் ஒட்டிய கையை வேட்டியில் துடைத்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு என் கல்யாணத்தன்றுகூட வரவில்லை.

"பையன் மூட்டைய மாத்தி ஏத்திட்டாம்மா" என்றார்.

"பரவாயில்லிங்க. மாத்தி அனுப்புங்க, காத்துனு இருக்கோம்" என்றேன் மைக்கிலேயே.

மானம் போனவர் என்ன செய்வார்? ரெண்டு நாளில் பாண்டிச்சேரிக் கடையிலிருந்து புத்தம் புதுப் படக்கதைகள் வந்தன, மூட்டையாக இல்லை, பெட்டியாக. பெண்கள் வாங்கியதையும் இதையும் சேர்த்தால் ஒரு நூலகத்துக்குப் போதும். கப்பலில் போகிறவரிடம் கெஞ்சி எல்லாவற்றையும் ஏற்றச் சம்மதிக்க வைத்தேன். ஆனால் முதலாளி கொடுத்த ஒவ்வொன்றிலும் முதல் தாளில் முத்திரை, கட்டைவிரல் அகலத்தில் அவர் பெயர், கீழே 'தாய்மாமன் சீர்' என்று. அவள் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கிய ஆளின் பெயரை அவள் பிள்ளைகள் தினமும் படிப்பதா? வேன் வருவதற்குள் உட்கார்ந்து ஒவ்வொரு முதல் தாளையும் கிழித்தேன். கிழிக்கக் கிழிக்கச் சுகமாக இருந்தது. மொத்தத்தையும் கொளுத்தினேன்.

பெட்டிகள் போய்ச் சேர்ந்து ஒரு வாரம் கழித்து அவள் கூப்பிட்டாள். முதலாளி தட்டுக் கதையை முன்பே போனில் சொல்லிச் சிரித்திருந்தேன். நன்றி சொன்னாள், பிள்ளைகள் புத்தகத்தைக் கீழே வைப்பதே இல்லை என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"எடி, ஒண்டு கேக்கட்டே? கனக்கப் புத்தகத்தில முதல் தாளக் காணேல்ல. மெல்லிசுப் புத்தகமெல்லே, அந்தத் தாளின்ர பின்பக்கத்திலதான் கதையே தொடங்குது. அந்த நரி ஏன் கிணத்துக்க கிடக்குது எண்டு பிள்ளையள் கேக்குதுகள். எனக்குச் சொல்லத் தெரியேல்ல."

நான் திருப்பிப் பார்க்கவே இல்லை. பெயர் இருந்த பக்கத்தை மட்டும்தான் பார்த்தேன்.

"ஆர் கிழிச்சது? அந்த மனுசனோ?" என்று கேட்டாள்.

"ஆமாண்டி" என்றேன். "அவன்தான்."