முடியாத மூன்று

"ஏழே அரைக்கால்..." சத்தியசீலன் கண்ணை மூடிக்கொள்கிறார். உதடு மட்டும் அசைகிறது. "அரைன்னா அம்பது, காலுன்னா இருபத்தஞ்சு, அரைக்காலுன்னா அதுல பாதி, பன்னண்டர." கண் திறந்ததும் ஏழு புள்ளி ஒன்று, இரண்டு, ஐந்து கைப்பேசியில் மலாயில் கிளம்புகிறது. "தவுக்கே! துஜோ பாயிண்ட் சத்து, டுவா, லீமா!" குலிமில் இருக்கும் அந்தச் சீன முதலாளிக்குக் கைப்பேசி இல்லாமலே கேட்டிருக்கும்.

லூனாசில் அலுமினிய ஜன்னல் செய்கிற கடை அவருடையது. தீபாவளி முடிந்தால் ஜன்னல்கள் சுவரோரம் ஒதுங்கும், தைப்பூசக் காவடிகள் நடுவில் வந்து உட்காரும். இடுப்பு வளையத்தை அவரே கையால் வளைப்பார். அதன்மேல் நிற்கும் மயில்தோகைத் தகடுகளைக் குலிமில் அந்தச் சீனரின் கடையில் லேசரில் வெட்டுகிறார்கள். அந்த இயந்திரத்துக்குக் காலும் அரையும் புரியாது, புள்ளி வைத்த எண்தான் வேண்டும். ஆகவே பக்கத்தில் போட்டோக் கடை வைத்திருக்கும் பாவத்துக்கு நானும் பொழுதெல்லாம் தசமக் கணக்கு கேட்கிறேன்.

பழக்கம் கடையோடு நின்றால் பரவாயில்லை. எதிர்க் கடையில் தேநீருக்கு, "சீனி பாயிண்ட் டூ ஃபைவ்" என்கிறார். கலக்குகிறவர் கால் கரண்டி போடப் பழகிவிட்டார். மனைவி உமாராணிதான் இன்னும் பழகவில்லை. "தோச எத்தனன்னு கேட்டா ரெண்டு பாயிண்ட் அஞ்சாம். அர தோசைய எந்தக் கல்லுல ஊத்துறது?" என்று என்னிடம் நியாயம் கேட்பார்.

சத்தியசீலனுக்கு ஆகாதது மூன்றில் ஒன்று. தசமமாக்கினால் புள்ளிக்குப் பின்னால் மூன்று மூன்றாக வந்துகொண்டே இருக்கும். "நேத்திக்கடன்னா முடியணும். முடியாத நம்பர சாமி காரியத்துல வைக்கலாமா லா?" இது அவரே எழுதிக்கொண்ட சாஸ்திரம். இதற்காகவே காவடி கேட்டு வருகிறவர்களை நாலு தோகை, எட்டு தோகை என்று பேசிப் பேசித் திருப்பிவிடுவார்.

இந்த வருடம் காளிதாசன் திரும்பவில்லை. புக்கிட் செலம்பாவில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். மகள் ரூபினி டெங்கிக் காய்ச்சலில் கிடந்தபோது, அவள் பிழைத்தால் ஆறுமுகனுக்கு ஆறு தோகைக் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டவர். மகள் பிழைத்துக்கொண்டாள். வளையத்தின் சுற்று முப்பத்திரண்டு அங்குலம். ஆறால் வகுத்தால் ஒரு தோகைக்கு ஐந்தும் மூன்றில் ஒன்றும்.

சத்தியசீலன் கைப்பேசியில் கணக்கைப் போட்டார். திரை நிறைய மூன்று. கைப்பேசியைப் படுக்கவைத்துப் பார்த்தார். இன்னும் சில மூன்றுகள் கூடின.

"தம்பி, அஞ்சு தோக வையேன். ஆறு பாயிண்ட் நாலு. சுத்தமா முடிஞ்சிரும்."

"முருகனுக்கு ஒரு மொகத்த நான் எப்படிண்ணே கொறைக்கிறது?"

சத்தியசீலன் மறுபடி கைப்பேசியை எடுத்தார். "ஏதாச்சும் ஒரு எடத்துல முடிச்சித்தானே ஆவணும்" என்று முனகிக்கொண்டே ஐந்து பாயிண்ட் மூன்று என்று குலிமுக்குச் சொல்லிவிட்டார். மற்ற மூன்றுகளுக்குக் கதவைச் சாத்தியாயிற்று.

தகடுகள் வந்தன. கையோடு குலிம் கடையைச் சீனப் பெருநாளுக்குப் பூட்டிவிட்டார்கள். காளிதாசனை வைத்துக்கொண்டே ஆறு தோகையையும் வளையத்தில் வரிசையாக நிறுத்தினார் சத்தியசீலன். ஆறாவது தோகை முதல் தோகையைத் தொடவில்லை. நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

"வேற வெட்ட முடியாதாண்ணே?"

"அவன் கட தொறக்கிறதுக்குள்ள தைப்பூசம் போயிரும் தம்பி. தப்பு என்னோடதுதான்."

காளிதாசன் அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்படி வாய் தொறந்த காவடிய எடுத்தா... பாப்பாவுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?" என்று மெல்லக் கேட்டார்.

சத்தியசீலன் அளவை எண்ணில் காட்டும் காலிப்பரை எடுத்து இடைவெளிக்குள் விட்டார். பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி விட்டார். முகம் மலர்ந்துவிட்டது.

"பாயிண்ட் ரெண்டு! ராணி, இங்க வா! பாயிண்ட் ரெண்டு லா! முடிஞ்சிருச்சு!"

"என்ன முடிஞ்சிருச்சு? நான் இன்னும் சோறே வடிக்கல" என்றபடி உமாராணி பின்கட்டிலிருந்து அகப்பையோடு வந்தார்.

"ஆறு தோகையிலயும் கழிச்சுவிட்ட மூணுங்கல்லாம் இங்க ஒண்ணா சேந்துருச்சு. மிச்சம் நிக்கிறது முடியிற நம்பரு. தம்பி, இந்த எடம் முருகனோட வேலுக்குன்னு விட்ட எடம்டா!"

தப்புக்கு இப்படி உடனே தெய்வத்தைச் சாட்சிக்குக் கூப்பிடும் ஆளை நான் கண்டதில்லை. ஆனால் காளிதாசன் சிரித்துவிட்டார், அந்த நிம்மதியில் நானும் சிரித்தேன். சத்தியசீலன் ஒரு பித்தளைத் துண்டை எடுத்து அராவ உட்கார்ந்தார். அராவுவார், அளப்பார், ஊதுவார், மறுபடி அராவுவார். மெல்லிய வேல் ஒன்று உருவானது.

அதை வளையத்தில் வைக்கப் போனவர் நிறுத்திக்கொண்டு, காளிதாசனிடம் நீட்டினார்.

"நீயே வையி."

வேல் உள்ளே இறங்கிக் கச்சிதமாக உட்கார்ந்தது. காளிதாசன் அதன்மேல் வைத்த கட்டைவிரலை எடுக்கவில்லை. சத்தியசீலன் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு வந்து, அந்த விரலின்மேல் தன் விரலையும் வைத்து அழுத்தினார்.