முதலில் போட்ட பெயர்

எங்கள் ஊரில் யார் செத்தாலும் முதலில் என்னிடம்தான் வருவார்கள். படத்தைக் கொடுத்தால் கால் மணி நேரத்தில் அஞ்சலித் தாள் அடித்துக் கொடுப்பேன். வீட்டுக் கதவு, பேருந்து நிறுத்தம், தேவாலயத்து மரம் என்று ஒட்டுவார்கள். நாற்பதாம் நாளுக்கு ஒன்று, வருஷத்துக்கு ஒன்று. டான்யூப் கரையில் இந்த ஒரு தொழில்தான் படுத்ததே இல்லை.

ஸ்டோய்னா சந்தைக்கு எதிரே பனீட்சா, அதாவது பாலாடைக்கட்டி வைத்த மடிப்பு ரொட்டி, சுட்டு விற்பவள். "சூடா இருக்கா?" என்று கேட்டால், "வாய வச்சுப் பாரு, தெரியும்" என்பாள். அப்படி ஒரு வாய். அம்மா போன பிறகு, தன்னைவிடப் பதினோரு வயது இளைய தங்கை ரலிட்சாவை வளர்த்தவள் அவள்தான். சடை பின்னிப் பள்ளிக்கு அனுப்பினாள், கடைசியில் லாரி ஓட்டும் கிரிலுக்குக் கட்டியும் வைத்தாள்.

போன வருஷம் மார்ச்சில் ஒரு காலை, தங்கையின் படத்தோடு என் கடைக்கு வந்தாள். ஊறுகாய் ஜாடி எடுக்கப் போய் நிலவறைப் படியில் விழுந்து செத்துவிட்டாளாம். கிரில் சொன்னான், டாக்டரும் அப்படியே எழுதிவிட்டார். துக்கப்படுவோர் வரிசையில் தன் பெயரை முதலில் போடச் சொன்னாள்.

"புருஷன் பேருதான்டி முதல்ல வரணும். அதுதானே வழக்கம்" என்றேன். என் வாயில் மண்ணைப் போட.

"சரி, போடு."

'அன்புக் கணவர் கிரில்' என்று அடித்தேன். அந்த 'அன்பு' நானாகச் சேர்த்தது. எல்லாருக்கும் சேர்ப்பேன்.

மதியம் உடம்பைக் கழுவி உடுத்தும்போதுதான் ஸ்டோய்னா கழுத்தில் விரல் தடங்களைப் பார்த்தாள். அடக்கத்தை நிறுத்தச் சொல்லிக் கத்தினாள். போலீஸ் வந்தது, பிரேதப் பரிசோதனை நடந்தது, கிரிலைப் பிடித்துப் போனார்கள். அதற்குள் என் தாள் ஊர் முழுக்க ஒட்டியாகிவிட்டது.

படியிலிருந்து தூக்கும்போது கை பட்ட தடம் அது என்று கிரில் சாதித்தான். பரிசோதித்த மருத்துவராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. அவன் முன்பும் கை வைத்தவன் என்று யாராவது சொன்னால்தான் வழக்கு நிற்கும். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போய்விடுவான்.

கோர்ட்டில் அவனுடைய வக்கீல் என் தாளைத் தூக்கிக் காட்டினார். "இது நீங்க அடிக்கச் சொன்னதுதானம்மா? தங்கச்சிய அடிக்கிறவன அன்புக் கணவர்னா போடுவீங்க?"

கடைசி பெஞ்சில் நான் கூனிக் குறுகிப் போனேன்.

"அவர் அடிச்சிருந்தா, ஒரு தடவையாவது உங்ககிட்ட ஓடி வந்திருக்க மாட்டாங்களா?"

ஸ்டோய்னா கிரிலைத் திரும்பிப் பார்த்தாள். வரவில்லை என்று சொல்லிவிட்டு இறங்கியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

"வந்தா" என்றாள். "சாகறதுக்கு முந்தின அக்டோபர்ல, பெட்டியோட வந்தா. கழுத்துல துணி சுத்தியிருந்தா. அவுத்துப் பார்த்தேன். இதே தடம், இதே இடத்துல."

"அப்போ போலீசுக்கு ஏன் போகலை?"

"சூப் காய்ச்சிக் குடுத்தேன். 'சந்தையே சிரிக்கும், வீட்டுக்குப் போ கண்ணு'ன்னேன். 'அக்கா, இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும்'னு கெஞ்சினா. நான் கேக்கலை. பெட்டிய நான்தான் தூக்கிட்டுப் போனேன். அவன் கதவத் தட்டினதும் நான்தான்."

கிரிலின் எதிர்வீட்டுக்காரரும் அந்த அக்டோபர் நாளில் அக்கா தங்கை இருவரையும் பெட்டியோடு பார்த்ததாகச் சாட்சி சொன்னார். கிரிலுக்குப் பதினேழு வருஷம் கிடைத்தது. தீர்ப்பன்று ஸ்டோய்னா அழவில்லை. எனக்குத்தான் அடக்க முடியவில்லை.

வருஷம் திரும்பியது. அதே படத்தோடு வந்து நின்றாள்.

"கீழே 'அக்கா ஸ்டோய்னா'ன்னு போட்டுடட்டுமா?"

"'திருப்பிக் கொண்டு போய் விட்ட அக்கா'ன்னு போடு."

அப்படிப் போடுகிற வழக்கமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அப்படியே விழுங்கிவிட்டேன். சொன்னபடி அடித்துக் கொடுத்தேன்.

அடித்ததில் முதல் தாளைத் தன் கடைக் கண்ணாடியில், பனீட்சா வாங்க நிற்பவர்களின் முகத்துக்கு நேராக ஒட்டினாள். மறுநாள் காலை வழக்கம்போலக் கடையைத் திறந்தாள். வந்தவர்கள் அதைப் படித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிப் போனார்கள். சூடாக இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை.