ரப்பர் பாலில் சுழன்ற ராட்டினம்

போன வாரம் ஈப்போவில் பல் மருத்துவரின் கையுறை என் வாயருகே வந்தபோது, அந்த ரப்பர் வாடையில் செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்து வீட்டின், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றின், சிமெண்டுத் தரை கண்முன் வந்து நின்றது. தோட்ட நிர்வாகியான துரை வீட்டுப் பிள்ளைகள் விட்டுப்போன பொம்மை ரயில் அதில் வட்டமடிக்கும். நடுவே சரசு அக்கா பிஸ்கட் டின் மூடியில் செய்த ராட்டினம் நிற்கும். பழைய கேசட் ரேடியோவின் மோட்டாரை அவள் நூலால் அதோடு இணைத்திருந்தாள். நூல் வழுக்கும், பிறகு வெடுக்கென்று இழுக்கும், ராட்டினத்தில் உட்கார்த்திய தீக்குச்சி மனிதர்கள் தண்டவாளத்தில் விழுவார்கள், ரயில் கவிழும்.

ஒருநாள் அக்கா, அம்மா பட்டையைக் கீறிப் பால் வெட்டும் ரப்பர் மரங்களில், பாலை எடுத்த பிறகும் கிண்ணத்தில் சொட்டியிருந்ததைக் கொண்டுவந்து, அதில் மருந்துப் போத்தலை முக்கி, காயவைத்து, மறுபடி முக்கி, காய்ந்த தோலை மெல்லிய வளையமாக வெட்டி நூலுக்குப் பதில் மாட்டினாள்.

ராட்டினம் குலுங்கவே இல்லை. நிலா நகர்வதுபோல் சுற்றியது. மூச்சுவிட்டால் நின்றுவிடுமோ என்று நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

வேலை முடிந்து வரும் அம்மா, பால் நாற்றம் போகச் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எங்களைத் தொட்டதே இல்லை. அன்று வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"எதுலடி இப்படி சுத்துது?"

"நீங்க வெட்டுற மரத்துப் பாலுதான்மா. கடையில வாங்குனது இல்லலா."

அம்மா குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு, கழுவாத கையாலேயே என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.